பூட்டி வைத்த கிதாபு யாருடைய அமானிதம்?

அமானிதம் என்றதும் நம் நினைவுக்கு வருவது பொன்னும் பொருளும்தான். ஹஜ்ஜுக்குப் புறப்படும் அண்டை வீட்டார் தம் நகைப் பெட்டியை நம்மிடம் ஒப்படைத்துச் சென்றால், அவர் திரும்பி வரும் வரை நமக்கு நிம்மதியான உறக்கம் இல்லை. அவர் வந்து, எண்ணிப் பார்த்து, "அல்ஹம்து லில்லாஹ்" என்று சொல்லிப் பெற்றுக் கொண்ட பிறகே நெஞ்சுப் பாரம் இறங்குகிறது. இந்த அச்சம் ஈமானின் அடையாளம். அமானிதங்களை அவற்றுக்கு உரியவர்களிடம் ஒப்படைக்கும்படி அல்லாஹுத்தஆலா அன்னிஸா அத்தியாயத்தில் கட்டளையிடுகின்றான் (4:58).

ஆனால், நம் பாட்டனாரின் பாட்டனார் எழுதி வைத்துச் சென்ற ஒரு கிதாபு நம் வீட்டுப் பரணில் இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். அதைக் கொடுத்தவர் மண்ணறைக்குச் சென்று நூறாண்டு ஆகிவிட்டது. திருப்பிக் கேட்க யாரும் வரப் போவதில்லை. அது அமானிதமா? அமானிதம் என்றால் யாரிடம் ஒப்படைப்பது? பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டால் நம் கடமை தீர்ந்ததா? அல்லது பூட்டி வைத்ததே கேள்விக்குரிய செயலாகி விடுமா?

இந்தக் கேள்வியைச் சொந்த வாழ்வில் சந்தித்து, அதற்காக உயிரையும் பணயம் வைத்த ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊரின் வரலாற்றை முன்னிறுத்தி இதனைச் சற்று ஆராய்வோம்.

பாலைவனத்து ஏட்டுப் பட்டணம்

மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி என்றொரு நாடு. அங்கே ஸஹாரா பாலைவனம் முடிந்து நைஜர் நதி வளைந்து திரும்பும் இடத்துக்கு அருகே திம்புக்து என்ற சிறிய ஊர் அமைந்திருக்கிறது. வீடுகளும் பள்ளிவாசல்களும் மண்ணால் ஆனவை. வடக்கிலிருந்து ஒட்டகங்களில் உப்பு வரும்; தெற்கிலிருந்து தங்கம் வரும். இரண்டும் சந்தித்த இடத்தில் ஊர் வளர்ந்தது. ஹிஜ்ரி 724இல் (கி.பி. 1324) ஹஜ் செய்து திரும்பிய மாலி மன்னர் மன்ஸா மூஸா, அங்கே ஜிங்கரேபர் எனும் பெரிய பள்ளிவாசலைக் கட்டுவித்தார். சங்கோரே என்ற மற்றொரு பள்ளி, செல்வம் படைத்த ஒரு பெண்மணி அளித்த பொருளால் எழுந்தது என்பது அவ்வூர் மரபு. அந்தப் பள்ளியைச் சுற்றித்தான் உலமாப் பெருமக்களின் வீடுகளும் பாட வகுப்புகளும் பெருகின.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வூருக்குச் சென்ற ஹஸன் அல்வஸ்ஸான் எனும் பயணி (ஐரோப்பியர் இவரை லியோ ஆப்பிரிக்கானஸ் என்பர்) ஒரு வியப்பான செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். அவ்வூர்ச் சந்தையில் வேறெந்தச் சரக்கையும் விட, வட ஆப்பிரிக்காவிலிருந்து வரும் கையெழுத்து நூல்களில்தான் இலாபம் அதிகமாம். தங்கம் விற்கும் கடைவீதியில் கிதாபுக்கு அதிக இலாபம் கிடைத்தது என்றால், அம்மக்களின் உள்ளம் எதை நாடியது என்பது விளங்கும்.

அந்த ஏடுகளில் திருக்குர்ஆன் பிரதிகள் உண்டு. ஹதீஸ், மாலிக்கி மத்ஹபின் ஃபிக்ஹு, இலக்கணம், தொழுகை நேரம் கணிக்க உதவும் வானநூல், மருத்துவம் ஆகியவை உண்டு. இவற்றோடு ஃபத்வாக்கள், கடன் பத்திரங்கள், விற்பனைச் சீட்டுகள், வணிகர் கடிதங்கள் என்று அன்றாட வாழ்வின் பதிவுகளும் உண்டு. தாள்கள் தைக்கப்படாமல், தோல் உறைக்குள் தனித்தனி இதழ்களாக இருக்கும். பல தாள்கள் கடல் கடந்து வந்தவை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், இத்தாலிய ஆலைகள் பதித்த மூன்று பிறை நீர்க்குறி தெரியும். அரபு மொழியில் மட்டுமன்றி, ஸொங்காய், ஃபுலானி போன்ற தாய்மொழிகளையும் அரபு எழுத்திலேயே எழுதினார்கள். அதனை அவர்கள் "அஜமீ" என்பர். நம்முடைய அரபுத் தமிழுக்கு அது உடன்பிறப்பு.

கொடுத்தவரும் பூட்டியவரும்

அவ்வூரில் முஹம்மது பகயோகோ (ரஹ்) என்றோர் ஆலிம் இருந்தார். 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். அவருடைய மாணவர் அஹ்மது பாபா (ரஹ்) (1556-1627) மாலிக்கி உலமாக்களின் வரலாற்றை எழுதியபோது, தம் ஆசிரியரின் ஒரு குணத்தை மிகவும் சிலாகித்துச் சொல்கிறார். பகயோகோ அவர்கள் தம்மிடமிருந்த அரிய கிதாபுகளை எல்லாம் கேட்டவர்க்கெல்லாம் இரவல் கொடுப்பார்களாம். திருப்பித் தா என்று கேட்க மாட்டார்களாம். முன்பின் தெரியாத மாணவர் வாசலில் வந்து நின்றாலும், அவர் யார் என்று விசாரிக்காமலே எடுத்துக் கொடுத்து விடுவார்களாம். இதனால் பல நூல்கள் அவர்களை விட்டுப் போய்விட்டன. கிதாபுகளின் மீது அவர்களுக்குப் பற்றில்லை என்று எண்ண வேண்டாம். தேடித் தேடி விலைக்கு வாங்கியும் படியெடுத்தும் சேர்த்தவர்கள் அவர்கள். நேசித்த பொருளையே அல்லாஹ்வுக்காகக் கொடுத்தார்கள்.

இதற்கு நேர் எதிரான ஒரு வழக்கமும் அதே ஊரில் வளர்ந்தது. அதற்குக் காரணங்கள் உண்டு. 1591இல் மொராக்கோவின் படை பாலைவனம் தாண்டி வந்து அந்நாட்டை வென்றது. இரண்டாண்டுகள் கழித்து உலமாக்கள் கைது செய்யப்பட்டனர். அஹ்மது பாபா அவர்களும் விலங்கிடப்பட்டு மராகிஷ் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டார். தம் உறவினர்களிலேயே தம்மிடம்தான் கிதாபுகள் குறைவு என்றும், அப்படியிருந்தும் 1,600 நூல்கள் பறிபோயின என்றும் அவர் முறையிட்டிருக்கிறார். 1608இல்தான் அவர் சொந்த ஊர் திரும்ப முடிந்தது. பிறகு 1894இல் பிரெஞ்சுக்காரர்கள் ஊரைக் கைப்பற்றினர். பறிகொடுத்துப் பழகிய குடும்பங்கள் ஏடுகளைப் பெட்டியிலிட்டன, சுவருக்குள் மறைத்தன, மணலில் புதைத்தன. வெளியாள் கேட்டால், "எங்களிடம் ஒன்றுமில்லை" என்றன.

இவர்களை நாம் குறை கூறலாகாது. கொள்ளைக்காரன் வாசலில் நிற்கும்போது கதவைத் திறந்து வைப்பது வள்ளன்மை ஆகாது. ஆனால் ஆபத்துக் காலத்தில் பூட்டிய பூட்டு, ஆபத்து நீங்கிய பிறகும் திறக்கப்படவில்லை. தலைமுறைகள் மாறின. பள்ளிக்கூட மொழி பிரெஞ்சு ஆயிற்று. பெட்டிக்குள் இருப்பதைப் படிக்கத் தெரியாத பேரர்கள் அதற்குக் காவலரானார்கள். பரக்கத்துக்காக வைத்திருந்தார்கள், பயனுக்காக அல்ல. கரையானுக்கு மரியாதை தெரியாது. அது பிஸ்மியையும் தின்றது. நூலாசிரியரின் துஆவையும் தின்றது. மழையில் ஒழுகிய கூரைகளின் கீழ் எத்தனையோ ஏடுகள் ஒட்டிக் கட்டிகளாயின.

அடைக்கலமா, வக்ஃபா?

இங்கேதான் நம் கேள்விக்கு ஃபிக்ஹு கலை ஒரு வெளிச்சம் தருகிறது.

வதீஆ எனப்படும் அடைக்கலப் பொருளுக்கு ஒரு சட்டம் உண்டு. காப்பாற்றுவதே அதில் கடமை. உடையவரின் அனுமதி இல்லாமல் அதனைப் பயன்படுத்தினால் நாம் பொறுப்பாளியாகி விடுவோம். அண்டை வீட்டாரின் நகையை நம் மகளின் நிக்காஹுக்குப் பூட்டி அழகு பார்க்க முடியாது. அங்கே பூட்டுத்தான் நேர்மை.

வக்ஃபின் சட்டம் வேறு. ஸையிதுனா உமர் (ரலி) அவர்களுக்குக் கைபரில் ஒரு நல்ல நிலம் கிடைத்தது. அதனை என்ன செய்வது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். நிலத்தை நிறுத்தி வைத்து, அதன் விளைச்சலைத் தருமமாக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் வழி காட்டினார்கள். அந்த நிலத்தை விற்கக் கூடாது. அன்பளிப்பாகக் கொடுக்கக் கூடாது. வாரிசுகளுக்குப் பங்கிடக் கூடாது. ஆனால் அதன் பலன் ஏழைகளுக்கும் உறவினருக்கும் வழிப்போக்கருக்கும் போய்ச் சேர்ந்து கொண்டே இருக்க வேண்டும். மூலம் நிற்க வேண்டும். பலன் ஓட வேண்டும். பலனை நிறுத்தினால் அங்கே வக்ஃபின் நோக்கமே கெட்டுவிடும்.

முன்னோர் விட்டுச் சென்ற கிதாபு இவ்விரண்டில் எது? வக்ஃபு என்று எழுதி வைக்கப்பட்டிருந்தால் ஐயமில்லை. எழுதி வைக்காதது சட்டப்படி வாரிசுகளின் சொத்துத்தான். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் சொத்தாவது தாளும் தோலும் மையும். அதில் அடங்கிய இல்மு யாருக்குச் சொந்தம்? எழுதியவர் அதைத் தம் பெட்டிக்காக எழுதவில்லை. கண் மங்கும் வரை விளக்கொளியில் குனிந்து எழுதி, கடைசி ஏட்டில் தம் பெயரையும் முடித்த தேதியையும் குறித்து, படிப்பவர் தமக்காக துஆச் செய்ய வேண்டும் என்று வேண்டிக் கொண்டு பேனாவை வைத்தார். மனிதன் இறந்த பின்னும் அவனுக்கு நன்மை சேர்க்கும் மூன்றில் ஒன்று பயனளிக்கும் கல்வி என்று நபிமொழி கூறுகிறது. யாரும் படிக்காத நூலில் எப்படிப் பயன் விளையும்? நாம் பூட்டி வைக்கும்போது வருங்கால மாணவர்களுக்கு மட்டுமன்றி, கப்ரில் கிடக்கும் அந்த முன்னோருக்கும் வரவேண்டிய வருவாயை நிறுத்தி விடுகிறோம்.

ஆகவே, கிதாபு தாளளவில் அடைக்கலம். பொருளளவில் வக்ஃபு போன்றது என்பதே நாம் கண்ட முடிவு. ஏட்டைக் காப்பாற்று, அதில் உள்ளதைக் கொடு. இரண்டில் ஒன்றைச் செய்து மற்றதை விட்டவர் பாதி அமானிதத்தைத்தான் நிறைவேற்றினார்.

நெருப்பு வந்த நாட்கள்

"ஒளித்து வைத்ததுதானே பிற்காலத்தில் காப்பாற்றியது?" என்று சிலர் கேட்கக்கூடும். திம்புக்துவில் நடந்ததை முழுமையாகப் பார்த்தால் விடை கிடைக்கும்.

1973இல் மாலி அரசு அஹ்மது பாபா அவர்களின் பெயரால் அங்கே ஓர் ஏட்டுக் காப்பகத்தைத் தொடங்கியது. அதன் ஊழியர்கள் வீடு வீடாகவும் ஊர் ஊராகவும் சென்றார்கள். முதலில் கதவுகள் திறக்கவில்லை. பொறுமையோடு பேசி, நம்பிக்கை ஊட்டி, விலை கொடுத்துச் சிறிது சிறிதாகச் சேகரித்தார்கள். அவ்வாறு அலைந்தவர்களில் ஒருவர் அப்துல் காதிர் ஹைதரா. ஏடுகளைப் பரம்பரையாகக் காத்த குடும்பம் அவருடையது. தந்தையார் காலமானபோது, பிள்ளைகள் பலரிருந்தும், ஏடுகளைப் பங்கிடாமல் அவர் ஒருவரையே பொறுப்பாளராக்கினார்கள். நாளடைவில் அவரும் வேறு குடும்பத்தாரும் தங்கள் ஏடுகளுக்கெனத் தனித்தனி நூலகங்களைத் திறந்தனர். பகயோகோ அவர்களின் வழித்தோன்றல்களும் அப்படி ஒன்றைத் திறந்தார்கள்.

2012இல் ஆயுதக் குழுக்கள் ஊரைப் பிடித்தன. மார்க்கத்தைத் தூய்மைப்படுத்துவதாகச் சொல்லி நல்லடியார்களின் அடக்கத் தலங்களை இடித்தன. அடுத்து ஏடுகளுக்கு என்ன நேருமோ என்று அஞ்சியவர்கள் இரும்புப் பெட்டிகளை வாங்கி, இரவு நேரங்களில் ஏடுகளை அடுக்கினார்கள். பெட்டிகள் முதலில் வீடுகளில் மறைந்தன. பிறகு வண்டிகளிலும் நைஜர் நதிப் படகுகளிலும் நெடுந்தொலைவில் உள்ள தலைநகர் பமாகோவுக்குச் சென்றன. மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்ட ஏடுகள் என்பது காப்பாற்றியவர்கள் கூறிய கணக்கு. வண்டியோட்டிகள், படகோட்டிகள், வீட்டில் இடம் கொடுத்த குடும்பங்கள் எனப் பெயர் தெரியாத எளிய மக்களின் கைகளில்தான் அந்த அமானிதம் பயணம் செய்தது. 2013 ஜனவரியில் அக்குழுவினர் ஊரை விட்டு ஓடும்போது காப்பகத்தில் கிடைத்த 4,000க்கும் மேற்பட்ட ஏடுகளைத் தீயிலிட்டார்கள். அதே கட்டிடத்தின் நிலவறையில் இருந்த ஆயிரக்கணக்கான ஏடுகள் அவர்கள் கண்ணில் படாமல் தப்பின.

மார்க்கத்தின் பெயரால் கிதாபுகளை எரித்தார்கள். மார்க்கத்தின் பெயரால்தான் மற்றவர்கள் அவற்றைச் சுமந்தார்கள். இவ்விரு கூட்டத்தாரில் "ஓதுவீராக" என்று தொடங்கிய வஹீயின் மரியாதையை அறிந்தவர் யார் என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம்.

ஒளித்ததனால் காப்பாற்றினார்கள் என்பது உண்மையே. ஆனால் எதை ஒளிப்பது என்று அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? நாற்பதாண்டுகளாகத் திறந்து பார்த்து, தூசி தட்டி, பட்டியல் எழுதி, இன்ன ஏடு இன்ன அலமாரியில் என்று அறிந்து வைத்திருந்தார்கள். மதிப்பை ஊரார் உணர்ந்திருந்தார்கள். தெரிந்த பொருளைத்தான் காப்பாற்ற முடியும். பரணில் மறந்து கிடக்கும் மூட்டைக்காக யாரும் நள்ளிரவில் படகு ஏற மாட்டார்கள்.

பமாகோவுக்கு வந்த ஏடுகளுக்கு அந்நகரின் ஈரக்காற்று புதிய பகையாயிற்று. படமெடுத்துப் பதிவு செய்யும் பணி தொடங்கியது. அதில் உதவிய நிறுவனங்களில் ஒன்று அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் கிறிஸ்தவத் துறவிகள் நிறுவிய நூலகம். நம் கிதாபுகளை மற்றவர்கள் மதித்துப் பேணும்போது நன்றி கூறுவது நம் கடமை. நாம் என்ன செய்தோம் என்று நம்மையே கேட்டுக் கொள்வதும் கடமை. 2025 ஆகஸ்டில், அரசுக் காப்பகத்தின் ஏடுகள் 200க்கும் மேற்பட்ட பெட்டிகளில் விமானம் ஏறித் திம்புக்து திரும்பின. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அமானிதம் ஊர் சேர்ந்தது.

குடும்ப இரகசியம் என்றால்?

இன்னொரு தயக்கம் நியாயமானது. பழைய காகிதங்களில் கடன் இருக்கும், தலாக் இருக்கும், பாகப் பிரிவினைச் சண்டை இருக்கும். வெளியில் காட்டினால் முன்னோரின் குறை வெளியாகாதா? பிறர் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் அல்லவா?

ஆம். குறையைத் தோண்டித் துருவிப் பறைசாற்றுவது ஹராம். ஆனால் பதிவைக் காப்பது வேறு; பறைசாற்றுவது வேறு. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? கடனை எழுதி வைப்பது பற்றியது (2:282). அதற்கு அடுத்த வசனத்திலேயே சாட்சியத்தை மறைப்பது பாவம் என்று எச்சரிக்கப்படுகிறது. ஒரு பழைய பத்திரம் என்பது இறந்தவர் சொல்லும் சாட்சியம். ஒரு பெண்ணுக்கு எழுதிக் கொடுத்த மஹர், ஒரு பள்ளிவாசலுக்கு விட்ட நிலம், ஓர் அநாதைக்குச் சேர வேண்டிய பங்கு ஆகியவை அதில் இருக்கலாம். வெட்கத்துக்காக அதைக் கிழித்தால் யாருடைய உரிமையைக் கிழித்தோம் என்று கியாமத்து நாளில்தான் தெரியும். வாழ்வோரின் மானத்தைத் தொடும் காகிதமானால் உறையிலிட்டு, இத்தனை ஆண்டு கழித்துத் திறக்கலாம் என்று எழுதி வையுங்கள். அழிக்காதீர்கள்.

நம் வீட்டுப் பரணில்

திம்புக்து நமக்கு வெகு தூரம். ஆனால் அதன் கேள்வி நம் வீட்டு வாசலில் நிற்கிறது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் நம் முன்னோர் அரபுத் தமிழில் எழுதிக் குவித்தார்கள். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) (மறைவு 1898) போன்ற பெருமக்கள் ஃபிக்ஹையும் துஆக்களையும் பைத்துகளையும் அந்த எழுத்தில் தந்தார்கள். தமிழ் எழுத்து அறியாத நம் பாட்டிமார்களும் அரபுத் தமிழைச் சரளமாக ஓதி மார்க்கம் கற்றார்கள். இன்று அதனை வாசிப்போர் அருகிவிட்டனர்.

இங்கே நம்மிடம் உள்ள நல்ல பழக்கமே ஓர் ஆபத்தாகவும் மாறுகிறது. சிதைந்த முஸ்ஹஃபு ஏடுகளைக் காலில் படாதவாறு மண்ணில் புதைக்கிறோம், அல்லது நீரில் விடுகிறோம். அது மார்க்கம் கற்பித்த அதபு. ஆனால் வீடு வெள்ளையடிக்கும் நாளில் அரபு எழுத்தில் உள்ள எல்லாத் தாளும் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டுக் கடலுக்கோ கிணற்றுக்கோ போய்விடுகின்றன. அதில் முஸ்ஹஃபின் ஏடு ஐந்து இருக்கலாம். வேறெங்கும் பிரதி இல்லாத ஓர் அரபுத் தமிழ்க் கிதாபும் இருக்கலாம். திம்புக்துவில் நெருப்பு செய்ததை இங்கே நம் மரியாதை செய்து முடித்து விடுகிறது.

எனவே ஒவ்வொரு குடும்பமும் சில காரியங்களை மேற்கொள்ளலாம். முதலாவதாக, அரபு எழுத்துள்ள பழைய தாள்களைப் புதைக்கும் முன் அரபுத் தமிழ் படிக்கத் தெரிந்த ஓர் ஆலிமிடம் காட்டுங்கள். இரண்டாவதாக, இது யாருடைய கிதாபு, எந்த வீட்டிலிருந்து வந்தது என்று தனித்தாளில் எழுதி உடன் வையுங்கள். மூன்றாவதாக, காற்றோட்டமான உலர்ந்த இடத்தில் வையுங்கள். கிழிசலில் பசை நாடா ஒட்டவோ, கண்ணாடித் தாளுக்குள் அடைக்கவோ வேண்டாம். நான்காவதாக, முதல் ஏடு முதல் கடைசி ஏடு வரை வரிசை தப்பாமல் கைப்பேசியில் படமெடுத்து, இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். கிதாபு இரவல் போனால் திரும்பாது என்று அஞ்சிய காலம் போய்விட்டது. ஏடு நம் வீட்டிலேயே இருக்க, அதன் இல்மு உலகெங்கும் செல்லும் வசதியை அல்லாஹ் தந்திருக்கிறான். ஐந்தாவதாக, வாரிசுகளுக்குள் ஆளுக்கொரு பாகமாகப் பிரிக்காதீர்கள். ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். பேண முடியாது என்றால், படிக்க வருவோரைத் தடுக்கக் கூடாது என்ற நிபந்தனையை எழுதி, ஒரு மத்ரஸாவுக்கோ நூலகத்துக்கோ வக்ஃபு செய்து விடுங்கள். பெற்றுக் கொள்ளும் நிர்வாகிகளும் கண்ணாடி அலமாரியில் பூட்டிச் சாவியைத் தொலைத்து விடக் கூடாது.

கேட்கப்பட்ட கல்வியை மறைப்பவருக்குக் கியாமத்து நாளில் நெருப்புக் கடிவாளம் இடப்படும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். "நான் மறைக்கவில்லையே, பரணில்தான் வைத்திருந்தேன்" என்று நாம் பதில் சொல்ல முடியுமா? பகயோகோ அவர்களின் வாசலில் வந்து நின்ற பெயர் தெரியாத மாணவன் நம் வாசலிலும் ஒருநாள் வந்து நிற்பான். அவன் நம் பேரனாகவும் இருக்கலாம். அவன் கையில் கொடுப்பதற்கு ஏதேனும் மிச்சமிருக்க வேண்டும். கொடுக்கும் மனமும் நமக்கு இருக்க வேண்டும்.

யா அல்லாஹ்! எங்கள் முன்னோர் விட்டுச் சென்ற இல்மை எங்கள் கவனக்குறைவால் அழிய விடாதே! அதனைக் காக்கும் கருத்தையும் கொடுக்கும் கரத்தையும் எங்களுக்குத் தந்தருள்வாயாக! எழுதியவர்களின் கப்ருகளை ஒளிமயமாக்குவாயாக! ஆமீன்.